மேக்கர்ஸ்பேஸ்: மறுநாளும் போய் அந்த மெஷினைத் தொட முடியுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் ‘மேக்கர்ஸ்பேஸ் ஒர்க்‌ஷாப்’ விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். ஒன்றில் ரோபோ படம், ஒன்றில் களிமண் பொம்மை, இன்னொன்றில் கோடிங். கல்லூரியில் புதிதாகத் திறந்த லேபுக்கும் அதே பெயர், ஸ்டார்ட்அப்காரர்களுக்கு மேசை வாடகைக்கு விடும் கட்டடத்துக்கும் அதே பெயர். மூலையில் ஒரு 3டி பிரிண்டர் இருந்தால் போர்டு மாட்டிவிடலாம் என்றாகிவிட்டது. அங்கே என்னதான் நடக்கும், பிள்ளையை அனுப்பலாமா, நாமும் போகலாமா என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும்.

பொறியியல் படிக்காதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உண்மையான மேக்கர்ஸ்பேஸ் எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம். அந்தக் கேள்விக்குப் போகுமுன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

## ஊர்ப் பொது அண்டா

பல ஊர்களில் கோயிலிலோ சாவடியிலோ பெரிய அண்டா, தவலை, ஜமுக்காளம் எல்லாம் பொதுவில் இருக்கும். கல்யாணம், காதுகுத்து வைத்திருப்பவர் நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போவார். ஊருக்கே சாம்பார் வைக்கும் அண்டாவை வீட்டுக்கொன்று வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. வருடத்தில் ஒரு நாள் வேலை, மற்ற நாளெல்லாம் பரணை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் ஊரே சேர்ந்து வாங்கியது. கழுவிக் கவிழ்த்துத்தான் திருப்பித் தர வேண்டும். நசுங்கினால் தட்டி நிமிர்த்துகிற செலவு எடுத்தவருடையது.

மேக்கர்ஸ்பேஸின் அடிப்படைக் கணக்கும் இதுதான். லேசர் கட்டிங் மெஷின், கம்ப்யூட்டர் சொல்படி பலகையைக் குடைந்து வெட்டும் சிஎன்சி ரவுட்டர், நல்ல டிரில்லிங் மெஷின் இவற்றைத் தனி ஆள் வாங்கினால் காசும் போகும், இடமும் போகும். மாதத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஓடாது. பத்துப் பேரோ நூறு பேரோ சேர்ந்து ஓரிடத்தில் வைத்தால் மெஷினுக்கும் வேலை இருக்கும், ஆளுக்கும் கட்டுப்படியாகும்.

ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடும். அண்டாவை எடுத்துப் போக யாரும் பாடம் படிக்க வேண்டாம். லேசர் மெஷின் அப்படியில்லை. பழக்கமில்லாதவர் கை வைத்தால் பொருள் தீப்பிடிக்கும், நச்சுப் புகை கிளம்பும், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய சாமான் பாழாகும். பொதுவில் வைத்துவிட்டால் மட்டும் ஆகாது. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு நடக்கிற இடம்தான் ஒர்க்‌ஷாப்.

சுருக்கமாகச் சொன்னால், மேக்கர்ஸ்பேஸ் என்பது பொதுக் கருவிக் கூடம். அதை ஒர்க்‌ஷாப்களே எல்லோருக்கும் திறந்துவிடுகின்றன. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது லேப் ஆகவோ டியூஷன் சென்டராகவோதான் இருக்கும்.

## எங்கிருந்து வந்தது இது?

அமெரிக்காவின் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998ல் ஒரு பாடம் தொடங்கினார். ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்பது அதன் தலைப்பு. ஆராய்ச்சி மாணவர்கள் சிலருக்கு மெஷின்களைப் பழக்கிவிடலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். கலை, கட்டடக்கலை மாணவர்களெல்லாம் வந்து குவிந்துவிட்டார்கள். ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் அல்ல அவர்கள்; தங்களுக்கு ஆசைப்பட்ட ஒரு பொருளைத் தாங்களே செய்துகொள்ள வந்தவர்கள். அந்த மெஷின் தொகுப்பை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோனதில் ‘ஃபேப் லேப்’ பிறந்தது. எல்லா ஃபேப் லேபிலும் ஏறக்குறைய ஒரே வகை மெஷின்கள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஓர் ஊரில் வரைந்த டிசைனை இன்னோர் ஊரில் செய்துகொள்ளலாம் என்பதற்காகத்தான் அப்படி.

எம்ஐடிக்கு வெளியே அமைந்த முதல் சில ஃபேப் லேப்களில் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது: மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்துப் பாபல் கிராமத்தின் விஞ்ஞான் ஆசிரமத்தில், 2002ல் வந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலோடு சேர்த்துக் கல்வி தர 1983ல் கல்பாக் என்ற அறிவியலாளர் தொடங்கிய இடம் அது. மேக்கர்ஸ்பேஸ் என்றாலே பெருநகரத்து ஏசி ஹால் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கிளை ஜெர்மனியிலிருந்து. அங்கே கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கம்ப்யூட்டர் ஆர்வலர் அமைப்பு 2007ல் நடத்திய முகாமுக்குப் போய்வந்த அமெரிக்கர்கள் ஊர் திரும்பி நியூயார்க்கில் ‘என்ஒய்சி ரெசிஸ்டர்’, சான்பிரான்சிஸ்கோவில் ‘நாய்ஸ்பிரிட்ஜ்’ போன்ற கூடங்களைத் தொடங்கினார்கள். இவற்றுக்கு ‘ஹேக்கர்ஸ்பேஸ்’ என்று பெயர். வங்கிக் கணக்கைத் திருடுகிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொருளைப் பிரித்துப் பார்த்து, தன் தேவைக்கு மாற்றிக்கொள்பவரைத்தான் இங்கே ஹேக்கர் என்பார்கள். இன்று மூன்று பெயர்களும் கலந்துவிட்டன. புதிதாக வருபவர் அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

ஒரு பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2006ல் திறந்த ‘டெக்‌ஷாப்’ என்ற நிறுவனம், ஜிம் போல மாதச் சந்தா வாங்கிக்கொண்டு மெஷின்களைத் திறந்துவிட்டது. பல நகரங்களில் கிளை விட்டு, 2017 நவம்பரில் அமெரிக்கக் கிளைகளை எல்லாம் மூடிவிட்டது. சந்தாவை மட்டும் நம்பி வாடகை, மெஷின் பராமரிப்பு, ஆள் சம்பளம் எல்லாவற்றையும் சமாளிப்பது எளிதல்ல. பல கூடங்கள் சனி ஞாயிறுகளில் ‘இரண்டு மணி நேரத்தில் விளக்கு செய்யலாம்’ வகைக் கட்டண வகுப்புகளை விடாமல் நடத்துவதற்குக் காரணம் இதுதான். அந்த விளம்பரங்கள்தான் நம் கண்ணில் அதிகம் படுகின்றன. அதனால் அதுவே மேக்கர்ஸ்பேஸ் என்று நினைத்துக்கொள்கிறோம்.

## ஒர்க்‌ஷாப் என்றால் எல்லாம் ஒன்றல்ல

மூன்று வகை உண்டு. ஒன்று, சும்மா சுற்றிக் காட்டுவது: எந்த மெஷின் எங்கே, தீயணைப்பான் எங்கே, கழிவு எங்கே போட வேண்டும். பெரும்பாலும் இலவசம். இன்னொன்று, மேலே சொன்ன கட்டண வகுப்பு. பொருளெல்லாம் அவர்களே தயாராக வைத்திருப்பார்கள், டிசைனும் தயார், நாம் கோத்து ஒட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இதில் தவறொன்றும் இல்லை. கையால் ஒன்றைச் செய்து பழகாதவருக்கு நல்ல ஆரம்பம்.

மூன்றாவதுதான் முக்கியம், விளம்பரத்தில் வராததும் அதுவே. அதற்கு ‘இண்டக்‌ஷன்’ என்று பெயர். அதாவது, ஒரு குறிப்பிட்ட மெஷினைத் தனியாக இயக்க ஒருவருக்கு அனுமதி தரும் பயிற்சி. லேசருக்குத் தனி இண்டக்‌ஷன், மர ரம்பத்துக்குத் தனி, சிஎன்சிக்குத் தனி. முதலில் பழகியவர் ஓட்டிக் காட்டுவார். அப்புறம் நீங்கள் ஓட்டுவீர்கள், அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் எங்கே என்று திடீரென்று கேட்பார். புகைபோக்கி விசிறியைப் போட மறந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். திருப்தியானால் உங்கள் பெயர் அந்த மெஷினின் பட்டியலில் ஏறும். சில இடங்களில் மெஷினின் மின் இணைப்பிலேயே கார்டு ரீடர் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாதவர் கார்டைக் காட்டினால் மெஷின் உயிர் பெறாது.

அதற்குப் பிறகு நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. திறந்திருக்கும் நேரத்தில் போய், நேரம் குறித்துக்கொண்டு, உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு வரலாம். சிறிது காலம் போனால் புதிதாக வருபவருக்கு நீங்களே இண்டக்‌ஷன் தரலாம். உலகெங்கும் ஃபேப் லேப்கள் பின்பற்றும் பொது சாசனம் உறுப்பினருக்கு மூன்று பொறுப்புகளைச் சொல்கிறது: ஆளுக்கும் மெஷினுக்கும் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது, கூடத்தைச் சுத்தம் செய்து பராமரிக்க உதவுவது, கற்றதை எழுதிவைத்து அடுத்தவருக்குச் சொல்லித் தருவது. மூன்றாவதைக் கடமையாகவே எழுதிவைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆக, நான் சொன்ன அந்த ஒற்றைக் கேள்வி: ‘இந்த வகுப்பு முடிந்தபின், மறுநாள் வந்து இந்த மெஷினை நானே இயக்கலாமா?’ ஆமாம் என்றால், அல்லது ‘இன்னொரு பயிற்சி முடித்தால் இயக்கலாம்’ என்றால், அது மேக்கர்ஸ்பேஸ். ‘மெஷினை எங்கள் ஆள்தான் ஓட்டுவார், நீங்கள் ஃபைல் கொடுத்தால் போதும்’ என்றால் அது ஜாப் ஒர்க் கடை. ‘அடுத்த பேட்ச் ஜூன் மாதம்’ என்றால் அது கோச்சிங் வகுப்பு.

## லேசர்: தின்னும் கோடு

உள்ளே இருக்கும் மெஷின்களில் புதியவரை முதலில் மயக்குவது லேசர் கட்டர்தான். என் கருத்தில், முதலில் கற்க வேண்டியதும் அதுவே. 3டி பிரிண்டருக்கு மணிக்கணக்கில் ஆகும் வேலை இதில் சில நிமிடங்களில் முடியும். தப்பாகப் போனால் உடனே திருத்தி இன்னொன்று வெட்டலாம்.

இந்தக் கூடங்களில் பெரும்பாலும் இருப்பது கார்பன் டை ஆக்சைடு வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயில் உண்டாகும் லேசர். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். ஆடிகளில் பட்டுத் திரும்பி, ஒரு லென்ஸ் வழியாக ஊசிமுனை அளவு புள்ளியில் குவிகிறது. மரம், அக்ரிலிக், தோல், காகிதம் எல்லாம் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய இடம் நொடியில் சூடேறி ஆவியாகிவிடும். வெறும் உலோகத் தகடோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் சின்ன லேசரால் ப்ளைவுட்டை வெட்ட முடிகிறது, தகரத்தை வெட்ட முடிவதில்லை. ‘லேசர் இரும்பையே வெட்டுமாமே’ என்று கேட்பவர்கள் நினைப்பது வேறு வகைப் பெரிய மெஷினை.

கம்ப்யூட்டரில் நாம் வரைவது வெறும் கோடு. லேசர் தலை அந்தக் கோட்டின் மேலேயே நகரும். இங்கேதான் எல்லோரும் முதல் முறை ஏமாறுகிறார்கள். கோட்டுக்கு அகலம் கிடையாது, லேசருக்கு உண்டு. அது போகும் வழியில் மெல்லிய பட்டை அளவு மரத்தைத் தின்றுவிடும். இப்படி வெட்டும்போது காணாமல் போகும் அகலத்தைக் ‘கெர்ஃப்’ என்பார்கள். ரம்பத்தால் அறுக்கும் ஆசாரிக்கு இது புதிதல்ல. ரம்பப் பல் தின்னும் இடத்தை விட்டுத்தான் அவர் கோடு போடுவார். லேசரில் இது பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும்.

இவ்வளவு சின்ன அளவுக்கு ஏன் இத்தனை பேச்சு என்றால், ஒரு பெட்டி செய்துபார்த்தால் புரியும். லேசர் பெட்டிகளில் ஆணி இருக்காது. ஒரு பலகையின் ஓரத்தில் பல், எதிர்ப் பலகையில் பள்ளம். இரண்டையும் கோத்து அழுத்துவதுதான். பல்லையும் பள்ளத்தையும் சரியாக 10 மி.மீ. என்று வரைகிறீர்கள், கெர்ஃப் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் இரு பக்கமும் லேசர் 0.1 மி.மீ. தின்கிறது. பல்லுக்கு இரண்டு ஓரம், அதனால் அது 9.8 ஆகச் சுருங்கும். பள்ளத்துக்கும் இரண்டு ஓரம், அது 10.2 ஆக விரியும். மொத்தம் 0.4 மி.மீ. இடைவெளி. கோத்துக் கையில் எடுத்தால் பெட்டி லொடலொடவென்று ஆடும். கோட்டைப் பலகைக்கு வெளிப்பக்கமாக 0.1 மி.மீ. தள்ளி வரைந்தால் (பல் அகலமாகும், பள்ளம் குறுகும்), தட்டி இறக்க வேண்டிய அளவுக்கு இறுக்கமாக உட்காரும். இதைச் செய்ய மென்பொருளிலேயே வசதி உண்டு.

இன்னொரு வில்லங்கம் பலகையின் கனம். கடையில் 3 மி.மீ. ப்ளைவுட் என்று வாங்கினால் அது 3 மி.மீ. இருக்கும் என்று நம்பக்கூடாது. வெர்னியர் காலிப்பரால் அளந்தால் 2.7 காட்டும், அதே ஷீட்டின் மறுமூலையில் 2.9 காட்டும். அதனால் அனுபவப்பட்டவர்கள் முதலில் ஒரு சீப்பு வெட்டுவார்கள்: ஒரு துண்டுப் பலகையில் 2.5, 2.6, 2.7 என்று வரிசையாகப் பள்ளங்கள். அதே ஷீட்டிலிருந்து எடுத்த இன்னொரு துண்டை ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்து, எதில் கெட்டியாக நிற்கிறதோ அந்த அளவை டிசைனில் போடுவார்கள். முழு ஷீட்டையும் வீணாக்கிவிட்டுக் கற்பதைவிட இது மலிவு.

அப்புறம் பாதுகாப்பு. லேசர் ஓடும்போது பக்கத்தை விட்டு நகரக்கூடாது என்பது எல்லாக் கூடங்களிலும் உள்ள விதி. வெட்டுகிற இடத்தில் காற்றை ஊதும் ஒரு குழாய் இருக்கும். அது புகையை விலக்கி, சுவாலை பிடிக்காமல் காக்கிறது. அது அடைத்துக்கொண்டால் சின்னச் சுவாலை பெரிதாகச் சில நொடி போதும். டீ குடிக்கப் போய்விட்டு வந்தேன் என்ற சமாதானம் எடுபடாது, பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

இன்னும் கண்டிப்பான விதி, பிவிசி கூடாது. பிவிசி பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் ஆடி, தண்டவாளம் எல்லாம் துருப்பிடித்துப் போகும். சிக்கல் என்னவென்றால் பிவிசி பல வேடங்களில் வருகிறது. ரெக்சின் தோல் மாதிரி இருக்கும், ஆனால் துணிமேல் பூசிய பிவிசிதான் பெரும்பாலும். சந்தேகமான பிளாஸ்டிக்கைச் சோதிக்க ஒரு பழைய வேதியியல் வழி உண்டு: செப்புக் கம்பியைச் சிவக்கச் சூடாக்கி, பிளாஸ்டிக்கின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். தீ பச்சை நிறத்தில் எரிந்தால் குளோரின் இருக்கிறது, அந்தத் துண்டு மெஷினுக்குள் போகக்கூடாது. இதைக் காற்றோட்டமான இடத்தில், பழகியவர் செய்வதே நல்லது.

இதுவரை: லேசர் ஒளியை உறிஞ்சும் பொருள் ஆவியாகி வெட்டுப்படுகிறது, வெட்டும் கோட்டுக்கு அகலம் உண்டு, அதைக் கணக்கில் எடுத்தால்தான் மூட்டு இறுகும், பிவிசி உள்ளே போகக்கூடாது.

## 3டி பிரிண்டர் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?

லேசர் இருப்பதிலிருந்து வெட்டி எடுக்கிறது என்றால், 3டி பிரிண்டர் ஒன்றுமில்லாததிலிருந்து அடுக்கிக்கொண்டே போகிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கை 1.75 மி.மீ. கனமுள்ள கம்பியாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். மெஷின் அதை இழுத்து, 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே சூடாக்கி, 0.4 மி.மீ. துளை வழியாக இழையாக விடும். ஓர் அடுக்கு முடிந்ததும் தலை கொஞ்சம் உயரும், அடுத்த அடுக்கு.

வழக்கமான அடுக்கின் உயரம் 0.2 மி.மீ. 4 செ.மீ. உயரப் பொம்மை என்றால் 200 அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் தலை முழுப் பரப்பையும் கோடு கோடாகச் சுற்றி வர வேண்டும். அதனால்தான் உள்ளங்கை அளவுப் பொருளுக்கே சில மணி நேரம் ஆகிறது. இரண்டு மணி நேர வகுப்பில் சாவிக் கொத்து பொம்மை தவிர வேறெதையும் தர முடியாததற்குக் காரணமும் இதுதான். வகுப்பு நடத்துபவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கம்ப்யூட்டரில் வரைந்த உருவத்தை அடுக்கடுக்காக அரிந்து, தலை எங்கெங்கே போக வேண்டும் என்று பட்டியல் போடும் மென்பொருளுக்கு ‘ஸ்லைசர்’ என்று பெயர். அது தருகிற பட்டியல் ‘ஜி கோடு’. புதியவர் கற்க வேண்டியது பெரும்பாலும் ஸ்லைசரில்தான் இருக்கிறது: பொருளை எந்தப் பக்கமாகப் படுக்க வைப்பது, உள்ளே எவ்வளவு காலியாக விடுவது, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அடியில் முட்டுக் கொடுப்பதா என்பது போன்றவை. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில்தான் பொருள் பலவீனமாக இருக்கும். சட்டை மாட்டும் கொக்கியை நிற்க வைத்து அச்சிட்டால் பாரம் ஏறியதும் அடுக்கு பிரிந்து முறியும். படுக்க வைத்து அச்சிட்டால் தாங்கும். அதே டிசைன், அதே பிளாஸ்டிக்தான்.

பிஎல்ஏ ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். காருக்குச் செல்போன் ஸ்டாண்டு அச்சிட்டு டேஷ்போர்டில் ஒட்டிவிட்டு, சித்திரை வெயிலில் காரை நிறுத்திவிட்டு வந்தால் அது கும்பிட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த மெஷின் சாதாரண மனிதர் கைக்கு எட்டியதற்கும் ஒரு கதை உண்டு. இந்த முறைக்கான அடிப்படைக் காப்புரிமை அமெரிக்காவின் ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனத்திடம் இருந்தது, 2009ல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005ல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ‘ரெப்ராப்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும் பிரிண்டரின் வரைபடங்களை இலவசமாக வெளியிட்டிருந்தார். காப்புரிமை போனதும் அந்த வரைபடங்களிலிருந்து சின்னச் சின்ன நிறுவனங்கள் முளைத்து, விலை மளமளவென்று இறங்கியது.

## ஈயம் வைத்தல்

எலக்ட்ரானிக்ஸ் வகுப்புகள் எல்லாம் இதில்தான் தொடங்கும். ரேடியோ ரிப்பேர் கடைகளில் பார்த்ததுதான்: சூடான சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, லேசான சாம்பிராணி போன்ற புகை. அந்தப் புகை ஈயத்திலிருந்து வருவதில்லை. கம்பிக்குள் இருக்கும் ‘ஃப்ளக்ஸ்’ என்ற பிசினிலிருந்து வருகிறது. உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து, ஈயம் ஒட்ட வழி செய்வது அதன் வேலை.

புதியவர் எல்லோரும் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி எடுத்துக்கொண்டு வந்து இணைப்பின்மேல் அப்புவார்கள். உருண்டையாக நிற்கும், ஒட்டியது போலவும் தெரியும். அப்படி நின்றால் அது ‘டிரை சால்டர்’. அடியில் உலோகம் சூடாகவே இல்லை. ஃப்ளக்ஸும் வழியிலேயே எரிந்துபோயிருக்கும். செய்ய வேண்டியது இதுதான். அயர்ன் முனையை மின்னணுப் பாகத்தின் கம்பிக் கால், போர்டிலுள்ள செம்புத் திட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து, இரண்டு மூன்று நொடி பொறுத்து, ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டும். இணைப்பின் சூட்டிலேயே ஈயம் உருகி, தானாகக் காலைச் சுற்றிப் பரவிச் சின்னக் கூம்பாகப் படியும். முதலில் கம்பியை எடுக்க வேண்டும், பிறகு அயர்னை. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகும். ஆனால் சூடு வேகமாகப் பரவ வேண்டும் என்பதால் அயர்னை 350 டிகிரி அளவில் வைப்பார்கள். காரீயம் கையில் ஒட்டும், அதனால் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் வகுப்பின் பகுதிதான்.

ஈயம் வைக்கப் பழகியவர்கள் அடுத்துப் போவது பெரும்பாலும் ஆர்டுயினோவுக்கு. சென்சாரிலிருந்து அளவை வாங்கி, மோட்டாரையோ விளக்கையோ இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு அது. 2005ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், டிசைன் படிக்கும் மாணவர்களுக்காக உருவாக்கினார்கள். எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களை நினைத்தே செய்தது என்பதால்தான் இன்றும் வகுப்புகளில் நிலைத்திருக்கிறது.

தையல் மெஷின், மரவேலை மேசை, பானைச் சக்கரம் எல்லாம்கூட நல்ல கூடங்களில் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத வேலை என்பதால் அவற்றை இரண்டாம் தரமாகப் பார்க்கும் இடங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘மேக்கிட்’ பகுதிகளில் 3டி பிரிண்டரோடு தையல் மெஷினும் இருக்கும்.

## லேத் பட்டறையும் போர்டு கடையும் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ இருப்பவர் கேட்டால் இன்னும் நியாயம். எந்தச் சின்ன ஊரிலும் பெயர்ப் பலகை, நினைவுப் பரிசு செய்யும் கடையில் இன்று லேசர் இருக்கிறது. ஃபைலைக் கொடுத்தால் மாலைக்குள் வெட்டித் தருவார்கள். உங்களுக்கு ஒரே மாதிரி 200 பீஸ் வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். மேக்கர்ஸ்பேஸில் மெஷினை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் என்ன வேண்டும் என்றே இன்னும் தெளிவாகத் தெரியாதபோது கதை வேறு. முதல் பீஸ் ஆடும், இரண்டாவது இறுகி விரியும், மூன்றாவது சரியாக வரும் என்ற வேலையில் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் போய் நின்றால் அவர் முகம் சுளிப்பார், காசும் கரையும். தவறு செய்து பார்க்க இடம் வேண்டியவருக்குத்தான் மேக்கர்ஸ்பேஸ். இங்கே மூன்றாவது பீஸ் வரை வந்து, அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு போய் 200 பீஸுக்குக் கடையில் கொடுப்பவர்கள் நிறைய.

## பள்ளியில் இருக்கும் லேப்?

மத்திய அரசின் நிதி ஆயோக் 2016ல் தொடங்கிய அடல் இன்னோவேஷன் மிஷன், பள்ளிகளில் ‘அடல் டிங்கரிங் லேப்’ அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்கானது. நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் வந்துவிட்டது. இன்னும் 50,000 அரசுப் பள்ளிகளில் அமைக்கப்போவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 3டி பிரிண்டர், மின்னணுப் பாகங்கள், கைக்கருவிகள் எல்லாம் அதில் உண்டு.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இது இருந்தால் தனியாகக் காசு கட்டி வகுப்பில் சேர்க்குமுன் அங்கே விசாரியுங்கள். இங்கேயும் அதே கேள்விதான்: போட்டிக்குத் தேர்வான நான்கு பேர் தவிர மற்றப் பிள்ளைகள், பாட நேரத்துக்கு வெளியே, தங்கள் சொந்த யோசனைக்காக மெஷினைத் தொட முடிகிறதா? கல்லூரி அளவில் ஐஐடி மெட்ராஸில் 2008 முதல் இயங்கும் சென்டர் ஃபார் இன்னோவேஷன் மாணவர்களே நடத்துகிற கூடம். ஆனால் அது அந்த வளாகத்து மாணவர்களுக்கானது. பொதுமக்கள் நுழையும் கூடம் என்று தேடினால் பெருநகரங்களில்தான் கிடைக்கும். கேரளத்தில் அரசின் ஸ்டார்ட்அப் மிஷன் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஃபேப் லேப் நடத்துகிறது.

## முதல் நாள் போகும்போது

தொளதொள சட்டை, துப்பட்டா, தொங்கும் சங்கிலி வேண்டாம். சுழலும் மெஷினில் சிக்கும். நீள முடியை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். செருப்புக்குப் பதில் மூடிய ஷூ. பெரிய யோசனையோடு போகாமல், வீட்டில் உடைந்துபோன ஒரு சின்னப் பாகத்தையோ, மேசை டிராயருக்குத் தேவையான ஒரு தடுப்பையோ எடுத்துக்கொண்டு போங்கள். அளவு தெரிந்த பொருளாக இருந்தால் சரியாக வந்ததா இல்லையா என்று செருகிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கட்டணத்தில் மெட்டீரியல் சேருமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் மெஷின் நேரத்துக்கு ஒரு கட்டணம், ஷீட்டுக்குத் தனி. அக்ரிலிக் வேண்டுமென்றால் போர்டு கடையில் வெட்டி மீந்த துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதே கடையில் சன்போர்டு என்ற வெள்ளை நுரை ஷீட்டும் கிடக்கும். அது பிவிசி. எது எது என்று கேட்டு, துண்டின்மேல் மார்க்கரால் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பெயர் தெரியாத ஷீட்டைக் கூடத்தில் உள்ளே விட மாட்டார்கள்.